எளிமை யாருக்கு?

இன்று நம் செவிகளில் ஓயாது விழுகின்ற சொற்களுள் ஒன்று 'எளிமையாக்கல்' என்பது. வரி செலுத்தும் முறை எளிமையாக்கப்பட்டது என்கிறார்கள். விண்ணப்பப் படிவம் எளிமையாக்கப்பட்டது என்கிறார்கள். பள்ளிப் பாடமும், வங்கிக் கணக்கும், மருத்துவமனைச் சீட்டும் எளிமையாக்கப்பட்டன என்று அறிவிப்புப் பலகைகள் கூறுகின்றன. குறைந்த நேரத்தில், குறைந்த செலவில், குறைந்த தடையுடன் ஒரு பணி நிறைவேற வேண்டும் என்ற விருப்பம் நல்ல விருப்பமே. ஆயினும் அந்தப் பலகையின் கீழ் நீண்ட வரிசையில் நிற்கின்ற முதியவர் ஒருவர், தமக்கு முன்னினும் அலைச்சல் கூடியிருப்பதாக உணர்ந்தால், அங்கே எளிமையானது எது என்று கேட்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

தமிழில் 'எளிமை' என்ற சொல்லுக்கு ஆழ்ந்த பொருள் உண்டு. கடினமின்மையும் எளிமை, வறுமையும் எளிமை, பிறர் அஞ்சாமல் அணுகத்தக்க தன்மையும் எளிமை. 'ஏழை எளியவர்' என்று இணைத்துச் சொல்வது நம் வழக்கு. காண்பதற்கு எளியவனாக இருத்தலை அரசனுக்குரிய சிறப்பாக வள்ளுவர் வைத்தார். ஆகவே எளிமையாக்கல் என்று நாம் சொல்லும்போதே, எளியோர்க்கு உரியதாக்கல் என்ற பொருளும் அதனுள் ஒலிக்கிறது. இச்சொல் இந்தப் பொருளில் எவ்வாறு வாழ்ந்தது என்பதை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் முத்துக்குளித்துறையின் வரலாற்றைப் புரட்டினாலே போதும்.

மணியோசையும் ஒரு திருத்தமும்

1542ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் புனித சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் பரதவர் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். திருமுழுக்குப் பெற்றனரேயன்றி, தாம் ஏற்றுக்கொண்ட மறையைத் தம் மொழியில் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. அவர் தூத்துக்குடியில் சில மாதங்கள் தங்கி, போர்த்துக்கீசியமும் தமிழும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை, கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கச் செய்தார். பின்னர் அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாக நடந்தார். சிறுவர்கள் கூடினர். அவர் ஒரு வரி சொல்ல, அவர்கள் ஒரு வரி சொன்னார்கள். வீட்டில் கேட்டதைப் பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் சொல்லித்தருமாறு அச்சிறுவர்களையே அவர் வேண்டினார்.

நூல் இல்லாத இடத்தில், எழுத்தறியாத மக்களுக்கு, மணியோசையும் குழந்தைகளின் நினைவாற்றலும் கொண்டு ஒரு கல்வி முறையை அவர் அமைத்தார். இதனினும் எளிய முறை வேறு இருக்க முடியுமா? ஆயினும் இம்முறையில் ஒரு பிழை நேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தின் மொழிபெயர்ப்பில், நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் வந்துவிட்டது. கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டியவர்கள், கடவுள் எனக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதனை உணர்ந்த சவேரியார், 1544இல் தம் உடன்பணியாளராகிய மான்சிலாசுக்கு எழுதிய மடலில், அச்சொல்லை மாற்றி 'விசுவாசம்' என்ற சொல்லை வைக்குமாறு பணித்தார்.

சிறிய திருத்தம்தான். ஆனால் அதிலிருந்து பெரிய உண்மை ஒன்று விளங்குகிறது. எளிய மக்களுக்கு இவ்வளவு போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. எளிமையாக்கியவர் தம் பிழையைத் தாமே ஒப்புக்கொண்டு திருத்தினார். எளியவர்க்குத் தருவது சுருக்கமாக இருக்கலாம், குறைபட்டதாக இருத்தலாகாது.

மற்றொரு செய்தியும் நினைவுகூரத்தக்கது. ஊர்தோறும் செபம் கற்பிக்க உபதேசியார்களை நியமித்த சவேரியார், அவர்களுக்கு ஊதியம் தரும் சுமையை மீனவர் குடிசைகளின்மேல் ஏற்றவில்லை. இக்கடற்கரை வருவாயிலிருந்து போர்த்துக்கல் நாட்டு அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பணத்தை அதற்காகக் கேட்டுப் பெற்றார். முத்தெடுத்தவர் உழைப்பில் விளைந்த பணம், அவர் பிள்ளைகளின் கல்விக்குத் திரும்பியது.

புன்னைக்காயலில் ஒரு நெடிய உழைப்பு

சவேரியார் தொடங்கியதை நிலைபெறச் செய்தவர், தமிழர் அண்டிரிக் அடிகளார் என்று அழைக்கும் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். 1520இல் போர்த்துக்கல் நாட்டின் வில்லா விசோசா என்னும் ஊரில் பிறந்தவர். யூத மரபில் வந்தவர் என்ற காரணத்தால் ஒரு துறவற சபையைவிட்டு விலக நேர்ந்தவர். 1546இல் இந்தியா வந்து, இயேசு சபைத் துறவியாக இக்கடற்கரையிலேயே ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்து, 1600இல் புன்னைக்காயலில் உயிர் நீத்தவர்.

அவர் வந்தபோது குருக்கள் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே மறையுரை ஆற்றிவந்தனர். மக்கள் குருவிடம் பேச வேண்டுமாயின் நடுவில் ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஒருவரை அகற்றிவிட்டு நேரே பேச வேண்டும் என்று அண்டிரிக் அடிகளார் உறுதிகொண்டார். அதற்காக அவர் மக்களைப் போர்த்துக்கீசியம் கற்கச் சொல்லவில்லை. தாமே தமிழ் கற்றார். கற்ற மொழிக்கு, தமக்குப் பின் வரும் துறவியர் விரைந்து கற்கும் பொருட்டு, 1549ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணம் வகுத்தார். புலவர் செய்யுளுக்கன்றி, கடற்கரை மக்கள் வாய்மொழிக்கு வகுக்கப்பட்ட இலக்கணம் அது.

அடுத்து வந்தது அச்சு. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் தமிழ் எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. 1586இல் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூல் இக்கடற்கரையிலேயே அச்சிடப்பட்டது. இந்திய மொழிகளுள் தன் எழுத்திலேயே முதன்முதலில் அச்சேறிய பெருமை தமிழுக்கு வாய்த்தது இவ்வாறுதான். இப்பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் இக்கரைப் பரதவர்களே. மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி அள்ளியவர்கள், தாம் எளிதாகப் படித்தறிய வேண்டிய நூலுக்குத் தாமே விலை கொடுத்தார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

ஏட்டுச்சுவடி ஒன்றைப் படியெடுக்க ஒருவர் பல நாள் எழுத்தாணியுடன் அமர வேண்டும். ஒருவர் செய்த பிழை அடுத்த படியிலும் தொடரும். அச்சு வந்தபின் ஒருமுறை கோத்த எழுத்து பல படிகளைத் தந்தது. படிப்பவர்க்கு வேலை எளிதாயிற்று. ஆனால் அந்த எளிமைக்குப் பின்னே அண்டிரிக் அடிகளாரின் முப்பது ஆண்டு மொழிப்பயிற்சி இருந்தது. கடினம் மறைந்துவிடவில்லை. அதனைச் சுமக்க வல்லவர் ஒருவர் தம் தோளில் ஏற்றிக்கொண்டார்.

'அடியார் வரலாறு' பின்னாளில் மறக்கப்பட்டு, அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டில் தனிநாயகம் அடிகளாரின் தேடலால் அது தமிழுலகிற்குத் தெரியவந்தது. 1967இல் இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாகத் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் அதனை மீண்டும் வெளியிட்டது. புறப்பட்ட கரைக்கே நூல் வந்து சேர்ந்தது.

எரியா, ஏரியா?

முதல் அச்சு நூல்கள் ஓலைச்சுவடியின் எழுத்து முறையையே பின்பற்றின. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்பதால் எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவது வழக்கம். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி இட்டுக் குறில் என்று காட்ட வேண்டும் என்பது தொல்காப்பியம் கண்ட முறை. அப்புள்ளி விடுபட்டபோது குறிலும் நெடிலும் ஒரே வடிவாயின. எழுதியிருப்பது 'எரி' என்பதா, 'ஏரி' என்பதா? 'பொது' என்பதா, 'போது' என்பதா? இடம் நோக்கிப் பொருள் உணர வேண்டும். புலவர்க்கு இதில் இடர்ப்பாடு இல்லை. அவர் முன்பே அறிந்ததைத்தான் படிக்கிறார். புதிதாகக் கற்கும் எளியவனுக்கோ ஒவ்வொரு சொல்லும் ஒரு புதிராயிற்று.

இப்புதிரை அவிழ்த்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் இந்தியா வந்தடைந்த இவர், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர். இறுதிக் காலத்தில் மணப்பாட்டிலும் வாழ்ந்து, 1747இல் அம்பலக்காட்டில் மறைந்தவர். குறிலுக்குப் புள்ளி இடுவதற்கு மாறாக, நெடிலின் வடிவையே அவர் வேறுபடுத்தினார். ஏகாரத்துக்கு அடியில் ஒரு கோடு. ஓகாரத்துக்கு ஒரு சுழி. உயிர்மெய்யில் ஒற்றைக்கொம்பை மேலே சுழித்து இரட்டைக்கொம்பு. இவ்வளவே மாற்றம். ஓலையும் கிழியவில்லை, ஐயமும் எழவில்லை. இன்று தமிழ் எழுதும் ஒவ்வொருவர் கையிலும் அந்தச் சுழி இருக்கிறது.

அவருடைய 'சதுரகராதி'யும் இவ்வகைப் பணியே. 1732இல் அது இயற்றப்பட்டது. அதற்குமுன் சொற்பொருள் அறிய நிகண்டுகள் இருந்தன. அவை செய்யுள் வடிவின. மனப்பாடம் செய்தவர்க்கே பெரிதும் பயன்பட்டன. வீரமாமுனிவர் சொற்களைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து அகர வரிசையில் அடுக்கினார். நெடுங்கணக்கு அறிந்த எவரும் தேடிய சொல்லைத் தாமே கண்டுகொள்ளும் வழி பிறந்தது. ஆசிரியர் வாயைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிலை தளர்ந்தது.

இத்தனைக்கும், எளிதாக எழுத மட்டுமே தெரிந்தவர் அல்லர் அவர். மூவாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து விருத்தங்களால் 'தேம்பாவணி' என்னும் காப்பியத்தை இயற்றிப் புலவரோடு புலவராக நின்றவர். அவரே உபதேசியார்களுக்கு 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலையும் தந்தார். கடினமாகச் சொல்ல வல்லவர், கேட்பவரை எண்ணி எளிதாகச் சொல்லத் துணிவதே உண்மையான எளிமை.

எழுத்தைச் சீராக்கும் பணி அவரோடு நின்றுவிடவில்லை. 1935இல் பெரியார் தம் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய எழுத்து மாற்றங்களுள் பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது. லகர, ளகர, னகர, ணகர ஐகாரங்களின் பழைய வடிவங்களும், னா, ணா, றா முதலியவற்றின் கூட்டு வடிவங்களும் நீங்கி, எல்லா எழுத்துக்கும் ஒரே ஒழுங்கு வந்தது. பாட்டியின் பழைய செபப்புத்தகத்தைத் திறந்து, யானைத் துதிக்கை போன்ற அந்த வளைவைக் கண்டு வியந்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். மறையை மறுத்த பகுத்தறிவாளரும் மறை பரப்ப வந்த துறவியும் கற்போர் சுமையைக் குறைக்க வேண்டும் என்பதில் ஒரே திசையில் நடந்திருப்பதை நன்றியுடன் நோக்குகிறோம்.

மூன்று குவியல்கள்

எழுத்தில் நாம் கண்ட எளிமையை இதே கரையின் தொழிலிலும் காண்கிறோமா? இங்கே வரலாறு வேறு முகம் காட்டுகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் முத்துக்குளிப்பு நடந்தபோது, எடுத்த சிப்பிகளைப் பங்கிட எளிய முறை ஒன்று இருந்தது. குளித்தவர்களே தம் படகின் சிப்பிகளை மூன்று சம குவியல்களாகக் கரையில் பிரிப்பர். எக்குவியல் தமக்கு வரும் என்பது பிரிப்பவர்க்குத் தெரியாது. ஆகவே ஒன்றைப் பெருக்கி மற்றொன்றைச் சுருக்க இடமில்லை. பெரிய கணக்குப் புத்தகமோ நீண்ட வழக்கோ இன்றிப் பங்கீடு முடிந்துவிடும். திறமையான முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்றில் இரண்டு அரசுக்கு. ஒன்றே, உயிரைப் பணயம் வைத்துக் கடலில் இறங்கியவர்களுக்கு. பங்கிடும் முறை எளிதாக இருந்தது என்பதால் பங்கு நேர்மையானதாகிவிடுமா? நடைமுறை எளிமையும் நீதியும் ஒன்றல்ல என்பதற்கு அக்குவியல்களே சான்று.

1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. கரையின் முகம் துறைமுகத்தின் பக்கம் திரும்பியது. முன்னாளில் இங்குக் கடல் ஆழமற்றது என்பதால் பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சும் உப்பும் தானியமும் தோணிகளில் சென்று கப்பலேறும். வரும் சரக்கும் அவ்வாறே கரை சேரும். தண்டல் முதல் மூட்டை சுமப்பவர் வரை எத்தனையோ கைகள் அதில் இணைந்திருந்தன. 1974 சூலை 11 அன்று ஆழ்கடல் துறைமுகம் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. கப்பல் நேரே கரையை அணைந்தது. 1999இல் சரக்குப்பெட்டக முனையம் வந்தது. தோள்கள் பல தூக்கிய சுமையைப் பாரந்தூக்கி ஒன்று பெட்டியோடு தூக்கி வைத்தது.

இதனைக் கேடு என்று நாம் சொல்லவில்லை. முதுகு ஒடிய மூட்டை சுமந்த வாழ்வைப் பொற்காலம் என்று பாடுவது, சுமக்காதவர் செய்யும் பிழை. துறைமுகம் புதிய தொழில்களைத் தந்தது. நம் பிள்ளைகள் பலர் அதனால் உயர்ந்தனர். எனினும், கப்பல் காத்திருக்கும் நேரம் குறைந்ததைக் கணக்கிட்டவர்கள், தோணியை நம்பியிருந்தவன் வேலைக்காகக் காத்திருக்கும் நேரம் கூடியதைக் கணக்கிட்டார்களா? ஒரு சுமை இறக்கப்படும்போது அது எங்கே இறக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணிகள் இன்றும் நம் பழைய துறையில் நிற்கின்றன. அவற்றைக் காணும்போதெல்லாம் இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுகிறது.

நம் வீட்டிலும் நம் பங்கிலும்

இரு வகை எளிமைகளை இக்கரை நமக்குக் காட்டியிருக்கிறது. ஒன்றில், அறிந்தவர் தம்மேல் உழைப்பை ஏற்றுக்கொள்கிறார். அறியாதவர்க்கு வழி திறக்கிறது. மற்றொன்றில், வலியவருக்கு வழி விரைவாகிறது. எளியவர் அவ்வழியினின்று ஒதுக்கப்படுகிறார். இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லை வழங்குகிறோம். அதனால்தான் சொல்லைக் கேட்டவுடன் மகிழாமல், அதன் பின்னே நிற்கும் மனிதரைத் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டபோது, சடங்குகள் மேன்மை குன்றாத எளிமையோடு விளங்க வேண்டும் என்று விழைந்தது. அதன் பயனாகத் திருப்பலியை நம் தாய்மொழியில் கேட்கும் பேறு பெற்றோம். சவேரியாரின் மணியும் அண்டிரிக் அடிகளாரின் அச்செழுத்தும் நானூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பயணத்தின் தொடர்ச்சியாகவே அதனைக் காண்கிறோம்.

அம்மரபில் வந்த நாம் இன்று என்ன செய்கிறோம்? திருமணப் பதிவுக்கோ பள்ளிச் சேர்க்கைக்கோ நம் நிறுவனங்களை நாடி வரும் மீனவப் பெண்ணிடம், படிவத்தைக் கணினியில் நிரப்பி வா என்று சொல்லி, நம் மேசையின் சுமையை அவள் தலைக்கு மாற்றுகிறோமா? அல்லது அருகில் அமர்த்தி, அவள் சொல்லச் சொல்ல நாமே நிரப்பித் தருகிறோமா? கணினி தீமையன்று, அதுவும் ஒரு வகை அச்சுப்பொறியே. அதன் முன் அமர்ந்து பிறருக்காகக் கற்கும் பொறுமை நம்மிடம் உண்டா என்பதே கேள்வி. புதிய முறை ஒன்றை வகுக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும், வரிசையின் கடைசியில் நிற்பவரை முதலில் கேட்கும் வழக்கத்தை நாம் மேற்கொள்ளலாமே! பிழை நேர்ந்தால், 'வேணும்' என்பதை 'விசுவாசம்' என்று திருத்திய பணிவும் நமக்கு வேண்டும்.

நம் ஊர்ப் பள்ளியில் இன்று ஒரு சிறுமி 'ஏரி' என்று எழுதி, அடுத்து 'தேர்' என்று எழுதுகிறாள். கொம்பை மேலே சுழிக்கும்போது அவள் ஒரு கணமும் தயங்குவதில்லை. அந்தச் சுழிக்குப் பின்னே ஒரு முனிவரின் உழைப்பு இருப்பதை அவள் அறியாள். அறியாமலே பயன் பெறுகிறாள். அவளுக்கு எளிதாக இருக்கிறதா என்பதையே அளவுகோலாகக் கொண்டு, நாம் எளிமையாக்கியவற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.